நூற்றுப் பதினெட்டாவது பீப்பாய்

எனக்கு அந்த வாசனை வராது.
கசந்த பாதாம் மாதிரி இருக்கும் என்பார்கள் சயனைடை.
சிலருக்குப் பிறவியிலேயே எட்டாதாம்;
வேலையில் சேர்ந்த அன்று மருத்துவர் சொல்லிவிட்டு
என் கோப்பில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.
கழுத்துப்பட்டியில் தொங்கும் இந்தச் சின்னப் பெட்டிதான்
அன்றிலிருந்து என் மூக்கு.
ஏழு வருஷத்தில் இரண்டு முறை கத்தியிருக்கிறது.
அதில் ஒன்று, மின்கலம் தீர்ந்ததற்கு.

நாரின் ஆற்றுக்கு மேலே, ஜூலையிலும் பனி விழும் மலை.
அமிலம் வடக்குக் கொட்டகையில், சயனைடு தெற்கில்,
நடுவே இருநூறு அடி வெறும் சரளை.
"சண்டைபோட்ட சம்பந்திகளைப்
பந்தியில் உட்காரவைப்பதுபோல" என்பான் குபாட்.
நான் சிரிப்பதில்லை.
அவை சந்தித்தால் எழும் ஆவிக்கு
உறவு தெரியாது, கதவு தெரியாது.

தங்கத்தை நான் பார்த்ததே இல்லை.
நான் பார்ப்பது பீப்பாய்கள்:
நீல இரும்பு, உள்ளே சோப்புக்கட்டி போல வெள்ளை வில்லைகள்.
காலியானதும் மூன்று முறை கழுவவேண்டும்.
கழுவிய நீர் சாக்கடைக்கு அல்ல,
சுண்ணாம்பு கலந்த தொட்டிக்கே திரும்பவேண்டும்.
பிறகு கடப்பாறை.
அடியில் மூன்று ஓட்டை, பக்கவாட்டில் ஒன்று,
யாரும் எதையும் இனி அதில் நிறைத்துவைக்க முடியாதபடி.
பிறகு பதிவேடு.

எசென்பெக் என் நாத்தனாரின் கணவன்.
கோடையில் கீழ்ச்சரிவில் பதினாலு குதிரைகள், ஒரு கூடாரம்.
ஓடைக்கும் கூடாரத்துக்கும் அரைமணி நடை.
"ஒன்றே ஒன்று கொடு சல்கின்,
நல்ல கனமான இரும்பு, ஓட்டை போட்டு வீணாக்குகிறாயே."
சுற்றி வளைத்து இல்லை என்றேன்.
நேராக இல்லை என்றேன்.
பேச்சு அத்தோடு நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

மாதக் கடைசியில் எண்ணினேன்.
வந்தது நூற்றுப் பதினெட்டு.
துளைத்தது நூற்றுப் பதினேழு.
மறுபடி எண்ணினேன். கையுறையைக் கழற்றி
விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.
இரும்பு பனியைவிடக் குளிர்ந்திருந்தது.

கூடாரத்தின் நிழலில் நின்றது அது.
விளிம்புவரை நீர். மேலே ஒரு தகரக் குவளை.
குட்டி ஒன்று மூக்கை நனைத்துக்கொண்டிருந்தது.
உயிரோடு இருந்தது.
துர்சுனை தேநீர் ஊற்ற எழுந்தாள்.
நான் குனிந்து மோந்து பார்த்தேன்,
எனக்கு வராது என்று தெரிந்தே.
ஈரம். துரு. குதிரை.
வேறு எதுவும் இல்லை, இருந்தாலும் எனக்கு இல்லை.

"கழுவியதா இது?"
"கழுவிய வரிசையில்தான் எடுத்தேன்."
"எந்தக் கழுவல்? முதலா, மூன்றாவதா?"
அவன் மலையைப் பார்த்தான்.

ஒரு குப்பியில் நீரை மொண்டேன்.
பிறகு பீப்பாயைத் தள்ளிக் கவிழ்த்தேன்.
குட்டி மிரண்டு ஓடியது.
கடப்பாறையை ஓங்கும்போது துர்சுனை
கெட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.
மூன்று ஓட்டை. பக்கவாட்டில் ஒன்று.
அந்தச் சத்தம் எதிர்ச்சரிவுக்குப் போய்த்
திரும்பி வந்தது.

ஆய்வகச் சீட்டு நாலாம் நாள்:
"கண்டறியும் அளவில் இல்லை."
படித்தேன். மடித்தேன்.
மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.
எடுத்துப்போய் எசென்பெக்கிடமே கொடுத்தேன்.
படித்துவிட்டு,
"அப்படியானால் நல்ல பீப்பாயைத்தான் உடைத்தாய்" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
அடுத்த சம்பளத்தில் சந்தையிலிருந்து
ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி இறக்கினேன்.
வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை.
திருட்டையும் எழுதினேன்; வேலியைக் கம்பெனி உயர்த்தியது.
துர்சுனை அந்தக் குளிர்காலம் முழுக்க
என் வீட்டு வாசலைத் தாண்டியே போனாள்.

பதிவேட்டில் நூற்றுப் பதினெட்டு.
சீட்டு வேறு மாதிரி வந்திருந்தாலும்
இதே எண்தான், இதே ஓட்டைகள்தான்.
ஆனால் அந்தக் குட்டி?
அந்த இடத்தில் வந்ததும்
பேனாவை மூடிவிடுகிறேன்.

இரவுப்பணியில் காற்று எழும்போது
பழைய இரும்புக் குவியல் முழுவதும் ஊளையிடும்,
ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு சுருதியில்.
புதிதாக வந்த பையன் பயந்து கேட்டான், என்ன சத்தம் என்று.
எண்ணிக்கை சரி என்றேன்.